சமாதானக் கூட்டம்

கிழக்கு வெளுக்கும் முன்பே பீங்கான் கம்பெனி ஷெட்டில் பெண்கள் எதிரும் புதிருமாகக் குந்திவிட்டார்கள். கரண்ட் பெட்டியில் மாட்டுகிற பீஸ் கட்டைகள், காய்ந்த பச்சை மண்ணாக, பலகை பலகையாக வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் இடக்கையில் ஏந்தி, பிளேடால் விளிம்பின் பிசிறைச் சுரண்டி, துளைக்குள் ஆணியை விட்டுத் திருகி, வாயருகே கொண்டுபோய் ஊத வேண்டும். ஊதினால் உள்ளே தங்கிய மாவு பறக்கும். கட்டை சுத்தமாகிச் சூளைக்குப் போகும், வெந்து வெளியே வரும், ஏதோ ஓர் ஊரில் யார் வீட்டிலோ விளக்கெரிய உதவும். பறந்த மாவு எதிரே இருப்பவளின் மூக்குக்குப் போகும். அவள் ஊதுவது இவளுக்கு வரும். அந்தக் கம்பெனியில் குறைவில்லாமல் நடந்த கொடுக்கல் வாங்கல் அது ஒன்றுதான்.

அம்சவல்லி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஊதுகிறாள். தலைமுடி, புருவம், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளை. அவள் வீடு திரும்பும்போது வேப்பூர் பஸ்ஸில் போகிறவர்கள் யாரோ மாவு மில்லுக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஈரப் பஞ்சால் துடைத்தால் தூசி பறக்காது. ஒரு வாளித் தண்ணீர், ஆளுக்கொரு பஞ்சு, அவ்வளவுதான். போன மாதம் பெண்கள் அதைத்தான் கேட்டார்கள். கேட்டுப் பார்த்து நடக்காததால் பிளேடைக் கீழே வைத்துவிட்டு அரை நாள் வெளியில் வந்து நின்றார்கள். முதலாளி சக்கரபாணி காரிலிருந்து இறங்காமலே பதில் சொன்னார்.

"ஈரம் பட்ட கட்டை மறுபடி காயணும். அது காயற வரைக்கும் சூளை ஒங்க மூஞ்சியப் பாத்துகினு நிக்குமா?"

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் முறைப்பு. வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை.

அம்சவல்லிக்கு முறைக்கக்கூட முழுத் தைரியம் இல்லை. அவள் புருஷன் விருத்தகிரி அதே கம்பெனியில் மண் அரைக்கும் மில்லில் நின்றவன். இப்போது நான்கு அடி நடந்தால் சுவரைப் பிடிக்கிறான். ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. வேலைக்கு லாயக்கில்லை என்று அவனை நிறுத்திய முதலாளி, கம்பெனி லைன் வீட்டை மட்டும் பிடுங்கவில்லை. "அம்சவல்லி வேலை செய்யற வரைக்கும் இருந்துக்குங்க" என்றார். வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்த வீடு அவள் வாயைத் தின்றுவிட்டது.

அப்படிப்பட்டவள்தான் மூன்று மாதத்துக்கு முன் ஒரு கேமராவுக்கு முன்னால் வாயைத் திறந்திருந்தாள்.

மதுவந்தி என்ற பெண்ணும் அவளுடைய நண்பர்களும் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிறவர்கள். சண்டை வேண்டாம், மனுஷனை மனுஷனாக நடத்து என்று பாட்டு, நாடகம், ஆவணப்படம். சாதிக் கலவரம் நடந்த கிராமங்களில்கூடத் திரை கட்டியிருக்கிறார்கள். பீங்கான் தூசியைப் பற்றி அவர்களே ஒரு படம் எடுக்க வந்தபோது, முகத்தைக் காட்ட மாட்டோம் என்று சொன்ன தைரியத்தில் அம்சவல்லி தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, கழித்துப் போட்ட கட்டையொன்றைச் சுரண்டி ஊதிக் காட்டினாள். கையும் வாயும் மட்டும் எடுத்தார்கள். ஊதிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அன்று மனசு கொஞ்சம் லேசாயிற்று. மறுநாளே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. முகம் இல்லாவிட்டால் என்ன, குரல் இருக்கிறதே.

இப்போது அந்தப் படத்தைத் திரையிட நாள் குறித்து நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். 'சமாதானம் – மனித உரிமை: திரைப்பட மாலை. லைன் வீட்டுத் தோழர்கள் அனைவரும் வருக.' லைனில் மதுவந்திக்குத் தெரிந்த ஒரே ஆள் அம்சவல்லி. நோட்டீசை வீடு வீடாகக் கொடுத்ததும் அவள்தான். அங்கேதான் வினை பிடித்தது.

அந்த வட்டாரத்தில் சமாதானம் என்றால் ஒன்றே ஒன்றுதான் பொருள். வரப்புச் சண்டையோ புருஷன் பெண்டாட்டி சண்டையோ, நடுவில் ஆள் வைத்துப் பேசி, இளைத்தவனை அடங்கிப் போகச் சொல்லி அனுப்புவது. நோட்டீசைப் படித்த பெண்களுக்கு அதுதான் புரிந்தது. முதலாளிக்கும் அதுவேதான் புரிந்தது. கல்யாண மண்டபமும் பள்ளிக்கூடமும் இடம் தர மறுத்துக் கைவிரித்த நேரத்தில், அவரே ஆள் அனுப்பி, கம்பெனி முற்றத்தில் நடத்திக்கொள்ளுங்கள், கரண்ட்டும் டீயும் என் செலவு என்று சொல்லிவிட்டார். மதுவந்தி அவரை நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக் கமலம் நோட்டீசைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்சவல்லிக்கு இரண்டு பிரசவமும் பார்த்தவள் அவள்.

"தண்ணிய வாங்கித் தராம சமாதானம் பேச ஆள இட்டாந்துட்ட. வூடு நெலச்சிடும்னு பாக்கற, இல்ல?"

"இல்லக்கா. அது அந்த சமாதானம் இல்ல."

"வேற எந்த சமாதானம்?"

படத்தில் இருப்பது நான்தான் என்று சொன்னால் சேதி சாயங்காலமே முதலாளி காதுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் துரோகி. அம்சவல்லி நோட்டீசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் ஷெட்டில் அவளுக்கு எதிரே யாரும் குந்தவில்லை. முதல் தடவையாக யாருடைய மாவும் அவள் முகத்தில் படவில்லை. அதற்காக அவள் அழுதாள்.

மதுவந்தியைத் தேடி ஜங்ஷன் பக்கம் அவர்கள் தங்கியிருந்த அறைக்குப் போனாள். அமைதி என்று போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"அமைதின்னு போட்டா வாய மூடிகிட்டு இருக்கச் சொல்றோம்னு நினைச்சிடுவாங்கன்னு பயந்தேங்க்கா" என்றாள் மதுவந்தி.

அந்த நிலைமையிலும் அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தன் பகுதியை வெட்டிவிடச் சொன்னாள். உங்கள் குரல், உங்கள் உரிமை என்று மதுவந்தி மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் மறுத்திருக்கலாமே என்று அம்சவல்லிக்கு இருந்தது. வீட்டுக்கு வந்து விருத்தகிரியிடம் சொன்னபோது அவனும், "நல்லதாப் போச்சு, வூட்ட வுட்டா எங்க போறது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளைக் காப்பாற்ற எல்லோரும் சம்மதித்தார்கள். அவளுக்குத்தான் மூச்சு முட்டியது.

திரையிடும் நாளன்று பொழுது சாய்ந்ததும் கம்பெனி முற்றத்தில் குடோன் சுவரே திரையானது. முதலாளி நாற்காலியில், மேஸ்திரி கொளஞ்சிநாதன் அவர் பக்கத்தில். பெண்கள் வந்திருந்தார்கள், தள்ளி நின்றார்கள். என்ன சமாதானம் என்று பார்த்துவிட்டுக் காறித் துப்பிவிட்டுப் போகத்தான் கமலம் வந்திருந்தாள். மதுவந்தி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சக்கரபாணி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"படிச்ச புள்ளைங்க வந்து சமாதானம் பண்ணி வைக்கிறாங்க. நமக்குள்ள என்னா சண்ட? நாளையிலேர்ந்து தண்ணி வாளிப் பேச்சு கெடையாது. நானும் மறந்துடறன், நீங்களும் மறந்துடுங்க."

யாரும் கை தட்டவில்லை. கொளஞ்சிநாதன் மட்டும் தட்டிவிட்டு, துணை இல்லாததால் நிறுத்திக்கொண்டார். பெண்கள் அம்சவல்லியைப் பார்த்தார்கள். மறப்பதா? ராத்திரி முழுக்கத் தலையணையை நெஞ்சுக்குக் கொடுத்துக் குந்தியிருக்கிற மனுஷனை எப்படி மறப்பது? அவளுக்குக் கோபம் வந்தது. பத்து வருஷத்துக் கோபம் ஒரே நேரத்தில் வந்தது. புரொஜெக்டர் மேல் குனிந்திருந்த மதுவந்தியிடம் போனாள்.

"வெட்டாத சிடி இருக்குதா?"

"இருக்குங்க்கா. நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா முடியாது. போடு."

சுவரில் இரண்டு கைகள் வந்தன. ஜன்னல் வெயில், பிளேடு, கட்டை. உதடு குவிந்து ஊதியது. வெயிலில் மாவு புகையாக எழுந்து, சுழன்று, அவள் மூச்சை இழுத்தபோது அதே வழியில் திரும்பி உள்ளே போயிற்று. அத்தனை காலம் ஊதியவர்கள் அது உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். முற்றத்தில் யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"வூதுறோம்" என்றது குரல். "வூதிட்டு மூச்ச இழுத்தா அதேதான் உள்ள போவுது. டிபின்னு சொல்லி மாத்திர குடுக்கறாங்க. எங்க வூட்டுக்காரரு நெஞ்சுக்குள்ள இருக்கறது..."

சக்கரபாணி எழுந்து கையை ஆட்டினார். கொளஞ்சிநாதன் ஓடிப்போய் மெயினை இறக்கினார். சுவர் அணைந்தது, குரலும் நின்றது. முற்றம் இருட்டானது.

"இருக்கறது கம்பெனி மண்ணு" என்றாள் அம்சவல்லி.

மைக் இல்லாத குரல். ஆனாலும் முற்றம் முழுக்கக் கேட்டது. யார் அது என்று முதலாளி கேட்டார். "நாந்தான். அம்சவல்லி. படத்துலயும் நாந்தான்" என்றாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று தெரியாமல் கையை நீட்டினாள். ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கும் ரெண்டு மாசமா படுத்தா மூச்சு முட்டுது" என்றாள் கையைப் பிடித்த கமலம். "சொன்னா நிறுத்திப்புடுவாங்கன்னு மறைச்சன்."

அதற்குப் பிறகு இருட்டு நல்லதாகப் போயிற்று. முகம் தெரியாததால் ஒவ்வொருத்தியும் பேசினாள். ஒருத்தி செத்துப்போன தம்பியைச் சொன்னாள். ஒருத்தி சளியில் ரத்தம் வந்ததைச் சொன்னாள். எல்லோரும் ஒரே வியாதியைத் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விடிந்ததும் அம்சவல்லி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சக்கரபாணி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

விடிந்ததும் கொளஞ்சிநாதன் வந்தார். அம்சவல்லி சாமான்களை வெளியே எடுத்து வைத்திருந்தாள். விருத்தகிரியைப் பாயோடு வேப்பமரத்தடிக்கு இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பெரிய தொல்லை இல்லாமல் முடிந்தது என்று பூட்டோடு கதவை நெருங்கிய மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். கமலம் வீட்டு அண்டா வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து கட்டில். அதற்கும் அடுத்து பள்ளிக்கூடப் பைகள், துணி மூட்டை, சாமி படம். லைன் முழுக்கக் கதவுகள் திறந்து கிடந்தன, உள்ளே ஒரு ஜீவன் இல்லை.

"என்னாத்துக்கு இதெல்லாம்?" என்றார். "மொதலாளி அம்சவல்லியத்தான் சொன்னாரு."

"பூட்டுனா எல்லா வூட்டையும் பூட்டுங்க" என்றாள் அம்சவல்லி. "தண்ணி வந்தா ஷெட்டுக்கு வர்றோம்."

கம்பெனிச் சங்கு ஊதியது. ஒருவரும் அசையவில்லை. கொளஞ்சிநாதனிடம் ஒரே ஒரு பூட்டுதான் இருந்தது. அதை எந்தக் கதவில் போடுவது என்று தெரியாமல் நடுவழியில் நின்றார். அடுப்புக் கூட்ட மூன்று கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த கமலத்துக்கு அவர் நின்ற இடம்தான் வசதியாகப்பட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேஸ்திரி" என்றாள். "எல்லாருக்கும் இங்கதான் கஞ்சி."