புறங்கை

மகள் சென்ட் பாட்டிலோடு அறைக்குள் நுழைவதைக் கண்டதும் லைன்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அது எதுக்கு?"

"நாலு பேரு வந்து பாப்பாங்கப்பா. அதான்..."

"மோந்து பாத்தியா?"

மகள் கட்டிலைப் பார்த்தாள். அம்மாவின் மூச்சு விடியலில்தான் நின்றிருந்தது. பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மார்புக் கட்டி உடைந்து புண்ணானதிலிருந்து, நாற்றத்துக்குக் கூசிக் கதவைச் சாத்திக்கொண்டே கிடந்தவள் அம்மா. பேத்தி தட்டினால், "அப்புறம் வா கண்ணு" என்று உள்ளிருந்தே அனுப்பிவிடுவாள்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். "மருந்து கட்டிக்குள்ள சரியா நுழைய மாட்டேங்குது பெரியவரே. மயக்கம் குடுத்து, அந்த எடத்துல மட்டும் விட்டு விட்டுக் கரண்டு குடுத்தா, செல்லெல்லாம் கொஞ்ச நேரம் வாயத் தெறக்கும். மருந்து உள்ள போயிரும். புண்ணு ஆறும். நுரையீரலுக்குப் பரவுனத மட்டும் இது தொடாது."

"கரண்டு மனுசன என்ன பண்ணும்னு எனக்கா சொல்றீங்க? கம்பத்துலேருந்து ஆளக் கரிக்கட்டையா எறக்கியிருக்கேன் சார். நோவு போகாதாம், ஷாக் மட்டும் வைப்பாராம்!"

மனைவிதான் முடித்து வைத்தாள். "காலம் பூரா உங்களக் கரண்டுகிட்ட அனுப்பிட்டு வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்ல? இந்த ஒரு தடவ நான் போறேன். நீங்க வாசலப் பாருங்க."

பார்த்தார்.

திரும்பி வந்தவளைத் தொடப் போனபோது அவர் கை தானாகப் புரண்டது. சந்தேகமான கம்பியை அவர் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கை பட்டால் கரண்டு விரலை மடக்கிவிடும்; அப்புறம் நாம் விட நினைத்தாலும் கை விடாது.

"லைன ஆஃப் பண்ணியாச்சு. பயப்படாமப் புடிங்க" என்று அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

புண் கருத்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்தது. நாற்றம் போயிற்று. கதவு திறந்தது. பேத்தி அந்த மார்பிலேயே தலை வைத்துத் தூங்கினாள். டாக்டர் சொன்ன மற்றதும் பொய்க்கவில்லை. மூச்சு நாளுக்கு நாள் சுருங்கியது. லைன்மேன் மட்டும் கடைசிவரை புறங்கையால்தான் அவள் நெற்றியைத் தொட்டார். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் கதவைச் சாத்த வந்தாள்.

"தெறந்தே கெடக்கட்டும்" என்றார்.

கட்டிலோரம் உட்கார்ந்து, புறங்கையை மனைவியின் கைமேல் வைத்தார். சில்லென்றிருந்தது. பிறகு கையைத் திருப்பி, அவள் விரல்களைச் சேர்த்து மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, எல்லாரும் வந்துட்டாங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

அவர் கை விடவில்லை.