இடது தோள்

‘நசுங்கல்’ என்ற பெயரை அண்ணி கிண்டலுக்குத்தான் சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அது ஒட்டிக்கொண்டது. மோதி நசுங்கிய வண்டிகளை நிமிர்த்திக் கொடுக்கிற பட்டறையில் பிறந்த ராக் இசைக்குழுவுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? அவள் கணவன், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அண்ணன், கிதார் வாசித்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் நெட்டையனுக்கு பேஸ் கிதார். பாடுவது மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவன். அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். டிரம்ஸ் அடிப்பவள் அண்ணனின் தங்கை, அதே பட்டறையில் தகடு தட்டுகிறவள். அவளைப் பெற்ற அம்மாவே அவளைச் சுத்தி என்றுதான் அழைப்பாள்.

பக்கத்துப் பட்டறையின் கம்ப்ரஸர் பகல் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை சொல்லிப் பாட்டைத் தொடங்கினால் யார் காதிலும் விழாது. சுத்தி இடது கைக்காரி. அடிக்க ஓங்கும்போது அவள் இடது தோள் ஒரு விரற்கடை மேலே ஏறும். அது இறங்குகிற இடத்தில் மற்ற மூவரும் சேர்ந்து விழுவார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த ஏற்பாடு அல்ல. தானாக வந்து பழகிப்போனது.

அவர்களைத் தூக்கிவிட்டதும் அந்தத் தோள்தான். ‘ஒதுங்க மாட்டேன்’ என்ற பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பது சுத்தியின் இஷ்டம். ஒரு நாள் இரண்டு மூச்சு, இன்னொரு நாள் பத்து. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தோள் ஏறும், இறங்கும், கூரை அதிரும். முதலில் கல்லூரிக் கேன்டீன், பிறகு பழைய சினிமாக் கொட்டகை என்று ஆரம்பித்து, ஒரே வருடத்தில் முன்பின் தெரியாத ஊர்களில் எல்லாம் அவர்களுடைய சுவரொட்டி ஒட்டப்பட்டது. ஒரு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. தொண்டை ஏலத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தோல் சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டான். சட்டையிலும் மீன் வாடை போகவில்லை என்றாள் அண்ணி.

கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் தொல்லையாகப் போயிற்று. பெரிய மைதான நிகழ்ச்சிக்கு, சுத்தியைக் கௌரவிப்பதாக நினைத்து, மேடையின் பின்கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பரண் கட்டி அதன்மேல் டிரம்ஸை ஏற்றினார். சுற்றிலும் புகை விடவும் ஏற்பாடு செய்தார். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு நின்ற இடத்தில் மூவரும் திரும்பிப் பார்த்தால் வெறும் புகை. தொண்டை பொறுக்கமாட்டாமல் முந்திக்கொண்டான். அவனைத் துரத்திக்கொண்டு அண்ணன் ஓடினான். சுத்தி அடித்தபோது கூடச் சேர யாரும் இல்லை. எல்லாம் முடிந்து ஆற அமர வந்து சேர்ந்தான் நெட்டையன். மைதானமே சிரித்தது. மறுநாள் காலைக்குள் அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்காத கைபேசி ஊரில் இல்லை.

மேனேஜர் தன் அறையில் நால்வரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். இனி டிரம்ஸ் பதிவிலிருந்து வரும். மற்றவர்கள் காதில் ஒரு கருவி தாளம் சொல்லும். பாட்டு நிற்கிற இடம் சரியாக நாலு தட்டு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

“அப்ப நான் எதுக்கு?” என்றாள் சுத்தி.

“நீங்க மேல உக்காந்து சும்மா கைய ஆட்டினாப் போதும்மா. ஜனங்க உங்களப் பாக்கத்தானே வராங்க.”

“கைய ஆட்டுறதுக்கு வாசல்ல ஒரு பொம்மைய வச்சுக்குங்க. நான் அடிக்க வந்தவ.”

தொண்டை வெடித்தான். சந்தைக்குத் திரும்பிப் போய் யார் முகத்தில் விழிப்பது என்று கேட்டான். அவள் தோளைப் பார்த்துக்கொண்டே கிழவனாகத் தன்னால் முடியாது என்றான். நெட்டையன் தன் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தான். தொண்டை கத்தியது சுத்திக்கு உறைக்கவில்லை. அண்ணன் பேசாமல் இருந்ததுதான் உறைத்தது.

“நீ என்ன சொல்றே?” என்று அவனிடமே கேட்டாள்.

“இந்த ஒரு தடவ விட்டுக்குடேம்மா.”

அவள் நாற்காலியைப் பின்னே தள்ளினாள். எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நிகழ்ச்சி துறைமுகத்தை ஒட்டிய திறந்தவெளியில், மாலை ஐந்து மணிக்கு. சுத்தி மதியமே வந்துவிட்டாள். மேடையாட்களிடம் டிரம்ஸைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். மேனேஜர் சொல்லாமல் கை வைக்க மாட்டோம் என்றார்கள். அவள் டிரம்ஸ் பதிவு வரும் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். ஒவ்வொன்றாகத் தானே கழற்றி இறக்கி, மேடையின் முன் விளிம்புக்குச் சுமந்துவந்து மாட்டினாள். அதுவும் கூட்டத்தைப் பார்த்து அல்ல. கூட்டத்துக்கு முதுகு, மற்ற மூவருக்கு முகம். இடது தோள் யார் கண்ணுக்கும் தப்ப முடியாத இடம்.

மேனேஜர் ஓடிவந்தார். இப்படி உட்கார்ந்தால் ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது என்றார், குரலை உயர்த்தாமல்.

“முடியட்டும் சார். இருக்கிற வரைக்கும் நான்தான் அடிப்பேன்” என்றாள்.

கூட்டம் அவள் முதுகைப் பார்த்ததும் ஊளையிட்டது. யாரோ முகத்தைக் காட்டச் சொல்லிக் கத்தினான். ஒரு தண்ணீர்ப் பாட்டில் பறந்து வந்து டிரம்ஸின் வெண்கலத் தட்டத்தில் பட்டு ஓசை எழுப்பியது. அவள் திரும்பவில்லை. எதிரே அண்ணனைப் பார்த்தாள். அவன் சற்று நேரம் கிதாரைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு காதில் இருந்த கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நெட்டையன் அவனைப் பார்த்துத் தன்னுடையதையும் கழற்றினான். தொண்டை இருவரையும் முறைத்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான், அதை ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. பிறகு அவனும் கழற்றினான்.

தோள் ஏறியது. இறங்கியது.

பாட்டின் நடுவில் எல்லாம் நின்றபோது சுத்தி கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் சிரித்தது. விசில் அடித்தது. அவள் காத்திருந்தாள். விசில் ஓய்ந்தது. ஒரு கப்பல் சங்கு ஊதி அடங்கியது. தொண்டையின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் அவன் முந்தவில்லை. ஒரு குழந்தை அழுதது, அதையும் யாரோ அடக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் தன் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் தோலில் உணர்ந்தாள். அதற்குப் பிறகும் ஒரு மூச்சு காத்திருந்துவிட்டு, ஓங்கினாள். நால்வரும் ஒரே ஆளாக விழுந்தார்கள்.

இரண்டாவது பாட்டுக்கு மேடையில் மின்சாரம் இல்லை. மேனேஜர் சொன்ன சொல் தவறாதவர்.

நசுங்கல் அத்தோடு முடிந்தது. சுவரொட்டிகளின்மேல் வேறு சுவரொட்டிகள் ஏறின. தொண்டை கம்பெனியோடு சமாதானமாகிப் போனான். புதிய ஆட்களை வைத்து அதே பாட்டைப் பாடிப் பதிவு செய்தான். அவன்மேல் சுத்திக்குக் கோபம் இல்லை. அன்று காதில் இருந்ததைக் கழற்றினானே, அது போதும் என்று அண்ணியிடம் சொன்னாள். நெட்டையன் லிஃப்டுகளுக்கே திரும்பினான்.

சில மாதங்கள் கழித்து ஒரு முற்பகலில், கதவு நசுங்கிய கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. அதன் ரேடியோவில் ‘ஒதுங்க மாட்டேன்’ ஓடியது. சுத்தி கதவுத் தகட்டுக்கு மேலே சுத்தியலை ஓங்கியிருந்தாள். பாட்டு நின்றது. சரியாக நாலு தட்டு. மறுபடி தொடங்கிவிட்டது.

“அவசரக்குடுக்கை” என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பட்டறையின் மறுகோடியில், பெயிண்ட் துப்பாக்கியைப் பிடித்தபடி அண்ணனும் அசையாமல் நின்றான், அவள் இடது தோள்மேல் கண்ணை வைத்து. ரேடியோ தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டு போனது. அவள் அவசரப்படவில்லை.