பூவம்மா சொன்ன நிறுத்தங்கள்

கோப்பின் மீது இரண்டு முறை சொடுக்கியும் நிரல் திறக்கவில்லை. எதைக் கொண்டு திறப்பது என்று தாரணியின் மடிக்கணினி திருப்பிக் கேட்டது.

"நிரல ஓட்டுற ஜாவாவே இதுல இல்ல. முதல்ல அதப் போடணும்" என்றாள் நூருன்னிசா.

சிங்கப்பூரின் சிராங்கூனில் தாரணியின் வீட்டுக்கு அவள் வந்து எட்டு வருடம் இருக்கும். இடையில் பண்டிகை வாழ்த்துகள் மட்டும்தான். போன வாரம் தாரணியே அழைத்தாள். அம்மா பூவம்மா மார்ச்சில் இறந்துவிட்டார். படங்கள் நிறைய இருக்கின்றன, குரல்தான் எங்கேயும் இல்லை. கைப்பேசியை நீட்டினாலே அம்மா வாயைப் பொத்திக்கொள்வார் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, பாலிடெக்னிக்கில் நாம் செய்த பேருந்து நிரல் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களுக்காக இருவரும் இறுதியாண்டில் எழுதியது. ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் தேர்ந்தெடுத்தால், வழியிலுள்ள நிறுத்தங்களைப் பூவம்மாவின் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லும். பழைய குறுந்தட்டையும், அதைப் படிக்கத் தம்பியின் கடையிலிருந்து ஒரு கருவியையும் நூருன்னிசா கொண்டுவந்திருந்தாள்.

ஜாவா இறங்கி முடிந்தது. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தாள். நிரல் எழுதுவதை விட்டுப் பல வருடமாகியும் விரல்களுக்கு அது மறக்கவில்லை. ஒலிக்கோப்புகளைக் காணவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. தாரணியின் முகம் வாடியது.

"பயப்படாத லா. நிரல மட்டும் காப்பி பண்ணிட்டேன். குரலெல்லாம் தட்டுலயே இருக்கு."

தட்டு கரகரவென்று சுழன்றது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் நூருன்னிசா விசையை அழுத்தவில்லை. திறந்ததும் முதலில் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"தாரணி, இதுல என் பேரு மட்டும்தான் இருக்கும். உன் பேர நான்தான் எடுத்தேன். கடைசி வாரம் நீ வரல, எல்லாத்தையும் தனியா முடிச்சேன். அந்தக் கோபம். அப்புறம் திருப்பிப் போடவே இல்ல."

தாரணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாரம் தைப்பூசம். அம்மா முதல் தடவையா பால்குடம் எடுத்தாங்க. டேங்க் ரோடு கோயில் வரைக்கும் கூடவே நடந்தேன்" என்றாள். "உங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும். திற, நூரு."

திரையில் சாம்பல் நிறச் சன்னல் விரிந்தது. மேலே ஒற்றைப் பெயர். தாரணி அதைப் படித்தாள். சுட்டியை வாங்கி, கேலாங்கையும் டோபி காட்டையும் தேர்ந்தெடுத்தாள்.

"கேலாங்" என்றார் பூவம்மா, பள்ளியில் வாசிக்க எழுப்பிவிட்ட பிள்ளைபோல. தாரணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓரிடத்தில் குரல் தடுக்கி, சிரித்து, மறுபடி சொன்னது. கடைசியாக, "டோபி காட்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பதிவின் வாலை வெட்ட நூருன்னிசா மறந்திருந்தாள்.

"போதுமா புள்ளைங்களா? இருங்க, கதவ யாரோ தட்டுறாங்க. பாத்துட்டு வந்துடுறேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கியது. ஆளில்லாத அறையின் மெல்லிய இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.