தேனில் குழைத்த வேர்

“ராத்திரி நல்லாத் தூங்குனியான்னு டாக்டர் கேக்கறாங்க, அக்கா.”

“இதைக் கேக்கவா அந்த டாக்டரு இவ்வளவு நேரம் பேசுச்சு?” என்றாள் தூதா அக்கா. “தூங்கினேன்னு சொல்லு. அப்படியே வீட்டுல அதுக்கு ரொட்டி போடறாங்களான்னும் கேளு. என் கைத்தடி அதைவிடப் பருமனா இருக்கும்.”

நான் டாக்டர் பக்கம் திரும்பி அரபியில் சொன்னேன்: “நாட்டு மருந்து எதுவும் சாப்பிடலையாம்.”

டாக்டர் கேட்டது தூக்கத்தைப் பற்றி அல்ல, அதைத்தான். அக்காவுக்கு எங்கள் மலைமொழி மட்டுமே தெரியும். டாக்டருக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஃபெஸ் நகரத்து வீடுகளில் எட்டு வருடம் பாத்திரம் தேய்த்து அரபி கற்ற நான்தான் நடுவில். அக்காவின் மார்பில் இருந்த கட்டியும் வலியும் பயமும், முதல் நாளிலிருந்து என் வாய் வழியாகத்தான் அந்த அறைக்குள் போயின.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“மூணு வாரத்துக்கு முன்னால இவங்க சிறுநீரகம் நல்லா இருந்துச்சு. இப்ப பாதிகூட வேலை செய்யல. நாங்க குடுக்கற மருந்தால மட்டும் இப்படி ஆகாது. காரணம் தெரியாம இன்னிக்கு மருந்து ஏத்தினேன்னா, கட்டியை விடுங்க, அந்த மருந்தே இவங்களைக் கொன்னுடும். மறுபடி கேளுங்க.”

“என்ன சொல்லுது?”

“ரத்தம் கொஞ்சம் குறைவாம். பேரீச்சம்பழம் சாப்பிடணுமாம்.”

என் மடியில் இருந்த பை திடீரென்று கனத்தது. அதற்குள்தான் தேன் பாட்டில். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் பையில் இப்படி ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளே போய் டாக்டர் கேட்டதும் எல்லோரும் ‘இல்லை’ என்பார்கள். கட்டியைக் கரைக்கும் என்று அவர்கள் சொல்லித்தான் ஒரு வேரை வாங்கினேன். இடித்துச் சலித்துத் தேனில் குழைத்தேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான் என்றார்கள். கட்டி கொஞ்சம் சுருங்கியதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சிட்டிகையை முழுக் கரண்டியாக்கினேன். என் கையால்தான் ஊட்டினேன்.

“கேட்டீங்களா?” என்றார் டாக்டர்.

“கேட்டேன். ஒண்ணும் சாப்பிடலையாம்.”

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். என்னை விட்டுவிட்டு, அவளிடமே ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

“பெர்ரஸ்தம்?”

எங்கள் மலைமொழியிலும் அரபியிலும் அந்த வேருக்கு அதுதான் பெயர்.

அக்காவின் முகம் மலர்ந்தது. “பெர்ரஸ்தம்! அட, இதுக்கும் தெரிஞ்சிருக்கே!” என்று தலையை ஆட்டினாள். தன் வாயைக் காட்டினாள். கரண்டி பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்து, பிறகு பெருமையாக என்னைக் காட்டினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்களை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்த அக்காவின் விரல்கள் அந்தரத்திலேயே நின்றன. மெல்ல என் பக்கம் திரும்பினாள். மேசைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள்.

“இத்தோ,” என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “அவங்க முதல்ல என்ன கேட்டாங்களோ, அதை அப்படியே எனக்குச் சொல்லு. ஒரு வார்த்தை விடாம.”