கடைசி நுழைவு

புதிய பதிப்பை வியாழன் பின்னேரம் ஏற்றி முடித்தேன்.

எங்கள் அலுவலகம் சாய்ந்தமருதில், கடற்கரை வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே ஒரு வாடகை வீடு. சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனம். மின்னஞ்சல் கணினி சமையலறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மின்னஞ்சல் செயலி திறந்த மூலத்தில் கிடைப்பது. யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கோ இருந்து அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

இந்தத் தடவை நிறையத் திருத்தியிருந்தார்கள். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. புதிதாக ஏதும் வந்தால் பக்கம் தானாகவே காட்டும். எங்கள் இணைப்பாளர் றிஸ்வான் சேர் எல்லாரையும் கூப்பிட்டு விளங்கப்படுத்தச் சொன்னார். எனக்கு நாலு பேர் முன்னால் கதைக்க வராது. திரையைத் திருப்பி வைத்து, மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

"ஸம்றாட வாய் இனி அந்த மவுஸ்தான்" என்றார் சேர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒன்றை மட்டும் நான் காட்டவில்லை. அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி: கடைசி நுழைவு எப்போது, எந்த இடத்து இணைய இலக்கத்திலிருந்து.

திங்கட்கிழமை கேதீஸ்வரி அக்கா அந்த வரியைப் பார்த்தார். அவர் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவு. எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனதும் சமையலறைக்கு வந்து, தன் கணக்கைத் திறந்து, என்னைக் கூப்பிட்டார்.

"ஸம்றா, வெள்ளிக்கிழமை நான் உள்ளுக்குப் போகல்ல."

"தம்பி போயிருப்பார் அக்கா."

"அவன் வெள்ளி சனி வெளிய வாறல்ல. கொழும்பில ஒரே செக்கிங்."

அந்தக் கணக்கை நான்தான் திறந்து கொடுத்தேன். பெயர் இல்லை, ஒரு வீட்டுத்திட்ட இலக்கம் மட்டும். அக்காவின் தம்பி கிசோக் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்திருந்தான். மார்கழியில் இலக்கத்தகடு இல்லாத வாகனமொன்று அவனைத் தேடிக் காரைதீவு வீட்டு வாசலுக்கு வந்த பிறகு போனவன். வந்தவர்கள் யாரென்று அக்கா சொல்லவில்லை. அந்த நாட்களில் யாரும் அதைக் கேட்பதில்லை. வன்னியில் சண்டை ஒடுங்கிக்கொண்டு வந்தது. இங்கே ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கிசோக் கைபேசியை எறிந்துவிட்டான். அக்காவும் அவனும் ஒரே கணக்கை, ஒரே கடவுச்சொல்லால் திறப்பார்கள். ஒருவர் எழுதி, அனுப்பாமல் வரைவாக விட்டுவிட்டுப் போவார். மற்றவர் வாசித்து அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதுவார். அனுப்பாத கடிதத்தை நடுவில் மறிக்க முடியாது என்று இருவரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கிசோக் கடைசியாக எழுதியது அழிக்கப்படாமல் கிடந்தது. அதில் லொட்ஜின் பெயரும் தெருவும் இருந்தன.

இலக்கத்தைத் தேடினேன். கிசோக் போகும் கொழும்பு இணையக் கடைகளின் இலக்கங்கள் எனக்குப் பழக்கம். இது அவற்றில் இல்லை. கணினியின் பதிவுகளில் அதே இலக்கம் அதே பின்னேரம் இன்னொரு தடவையும் இருந்தது. அதே இடத்திலிருந்து றிஸ்வான் சேர் தன் கணக்கைத் திறந்திருந்தார்.

அக்காவிடம் சொன்னேன். பக்கத்து அறையில் சேர் யாருடனோ தொலைபேசியில் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆமிக் காவலரணில் இருப்பவர்களோடு அவர் நல்ல உறவு என்பது எங்களுக்குத் தெரியும். சீமெந்து லொறி தடையில்லாமல் வருவதே அதனால்தான். அவருடைய உதவியை நானும் எத்தனையோ தடவை பெற்றிருக்கிறேன். லொட்ஜின் பெயரும் அந்தக் காவலரணுக்குப் போயிருக்குமோ?

கடவுச்சொல்லை மாற்றிவிடுவோம் என்றேன். மாற்றினால் தம்பி எப்படி உள்ளே வருவான் என்று அக்கா கேட்டார். எச்சரிக்கை எழுதி வைத்தால் அதையும் அந்த மற்ற ஆள் வாசிப்பான். நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்தால் அவன் இன்றைக்கே லொட்ஜுக்கு ஆள் அனுப்பலாம்.

ஒரு வழிதான் இருந்தது. கிசோக் உள்ளே இருக்கும்போது மட்டும் எழுதுவது. அவன் வாசித்த உடனே அழிப்பது. பழைய பதிப்பில் இது முடியாது. புதியது தானாகப் பக்கத்தைப் புதுப்பிக்கும்.

அன்று அவன் வரவில்லை. செவ்வாய் பின்னேர அஸர் தொழுகைக்குச் சேர் பள்ளிக்குப் போயிருந்த நேரம், பதிவில் கொழும்பு இலக்கம் விழுந்தது. நான் கையைக் காட்ட, அக்கா எழுதினார்.

"வேற ஆரோ வாசிக்கிறாங்க. உடன இடத்த மாத்து. எங்க எண்டு எழுதாத."

வரைவில் விட்டோம். திரை அசையவில்லை. கொழும்புக் கடையில் அவன் முன்னாலிருக்கும் பக்கம் எப்போது மாறும், அவன் அதற்குள் எழும்பிப் போய்விடுவானா என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. அக்கா உதட்டுக்குள் ஏதோ தேவாரம் சொன்னார். நான் ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். நடுவில் மறந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.

புதிய வரைவொன்று தோன்றியது. "சரி." அவ்வளவுதான்.

இரண்டையும் அழித்தோம். அவன் வெளியேறியது பதிவில் விழுந்தது.

அடுத்த வெள்ளிக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சேர் போன வெள்ளி பின்னேரம் எங்கே இருந்தார் என்று தெரிந்தாக வேண்டும். புதிய செயலி வெளியிலிருந்து திறக்கும்போது சரியாக வேலை செய்கிறதா என்று புதன் காலை அவரிடமே கேட்டேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து கல்முனையில் அச்சிமுகம்மது காக்காவின் கொமியூனிகேஷன் கடையில் பார்த்ததாகவும் தமிழ் எழுத்து நன்றாகத் தெரிந்ததாகவும் சொன்னார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் பஸ்ஸேறிப் போனேன். கடையில் ஒட்டுப்பலகையால் தடுத்த இரண்டு சின்ன அறைகள். ஒன்றில் கணினி. பலகை முழுக்கக் குமிழ்முனைப் பேனாவால் தொலைபேசி இலக்கங்கள்: கட்டார், சவூதி, லண்டன். எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் பக்க முகவரி. அக்காவின் வீட்டுத்திட்ட இலக்கம். பக்கத்தில் கடவுச்சொல்.

இது யாருடையது என்று கடைக்காரக் காக்காவிடம் கேட்டேன்.

"அதா மகள், காரைதீவுக் கனகரெத்தினத்தார்ட. வெள்ளிக்கு வெள்ளி வருவாரு. கடுதாசில எழுதிக் கொண்டுவந்தாரு, அதத் தொலச்சிருவாரெண்டு நாந்தான் அதுல எழுதி வெச்சன்."

கனகரெத்தினம், கேதீஸ்வரி அக்காவின் அப்பா.

"நீங்க வாசிச்சுக் காட்டுவீங்களா காக்கா?"

"வாசிக்கட்டாண்டு கேட்டா வேணாண்டுருவாரு. புள்ளட எழுத்து புதுசா இரிக்காண்டு மட்டும் பாக்கச் செல்லுவாரு. இரிக்கெண்டா எழும்பிப் போயிருவாரு. காரைதீவுல கடையில்லையா எண்டு கேட்டன். அங்க எல்லாரும் தெரிஞ்ச ஆக்களாம்."

தன் ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்று எங்கள் ஆளின் கடைக்கு வந்திருக்கிறார். எங்கள் ஆள் அவருக்கு உதவியாக அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

பக்கத்து அறையில் யாரோ சிங்களத்தில் வீட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். தடுப்பின் கீழே கறுப்புச் சப்பாத்துகள் தெரிந்தன. காவலரணில் இருப்பவர்கள் எல்லாரும் இங்கே வந்துதான் கதைப்பார்கள் என்று காக்கா சொன்னார். நல்ல பொடியன்கள், கூட்டம் என்றால் கணினி அறையிலும் உட்கார்ந்திருப்பார்கள்.

எச்சில் தொட்டுப் பெருவிரலால் தேய்த்தேன். பலகைக்குள் மை இறங்கியிருந்தது. பேனாவால் அதன் மேல் கிறுக்கினேன். கிறுக்கல்தான் இப்போது எல்லாவற்றையும்விட எடுப்பாகத் தெரிந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவர் அழவில்லை. மார்கழிக்குப் பிறகு அப்பாவின் தொல்லை தாங்காமல், தனக்கு ஏதும் நடந்தால் பாவிக்கும்படி கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். அப்பாவை ஏசப் போவதில்லை என்றார். பிறகு, வேறு எவரும் அதைத் திறக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பழைய பதிப்பில் பதிவுகள் சில நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. முடியாது என்றேன்.

கிசோக் லொட்ஜை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. எழுத வேண்டாம் என்று சொன்னதே நாங்கள்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே கதவு இந்தக் கணக்கு. அதன் திறப்பான கடவுச்சொல் சுவரில் இருந்தது. அக்கா யோசித்துவிட்டு, மாற்ற வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை இருவரும் திறந்தோம். கடைசி நுழைவு முதல் நாள் இரவு. நான் ஒருபோதும் கண்டிராத இலக்கம். வரைவுகளில் எதுவும் இல்லை.

"தம்பிதானே?" என்றார் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் எழுதிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.