விடாத கான்டாக்டர்

ஃபோர்க்லிஃப்ட் காலையிலிருந்து சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டுப்போன வண்டியைச் சரி பண்ணிவிடலாம். மெக்கானிக் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கிற வண்டியை என்ன செய்வது?

ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு கிடங்கு அது. ஹைடெக் சிட்டி ஆபீஸ்களுக்குப் போகும் கம்ப்யூட்டர் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. போன வாரம் இந்த வண்டி லோடர் சீனிவாசனின் பாதத்தைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி நிற்கவில்லை என்று டிரைவர் தேவராஜ் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. நான் குறையைக் கண்டுபிடிக்காவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் ராஜகோபால் சொல்லியிருந்தார்.

"நான் கைக்கு சார் பொய் சொல்லணும்?" என்றார் தேவராஜ். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; அவர் தமிழில் 'ஏன்' என்பது 'கைக்கு', 'ஆமாம்' என்பது 'ஹவ்', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'. "சீனு என்கூட ஒரே டப்பாலேர்ந்து சாப்பிடறவன்."

சூடேறட்டும் என்று பாரம் ஏற்றி ஓட்டச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது நடந்தது. அவர் காலை எடுத்தார். வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று பேட்டரி பிளக்கைப் பிடுங்கி நிறுத்தினார்.

மூடியைத் திறந்தேன். காலை எடுத்ததும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கான்டாக்டர், விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் டக்கென்று விழுந்தது. அது ஏறி இறங்கும் இடுக்கில் மஞ்சளாய் ஏதோ பிசுக்கு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். மேலே கொஞ்சம் குங்குமமும்.

"கிடைச்சிருச்சுங்க! நீங்க பொய் சொல்லல!" என்று கத்தியேவிட்டேன்.

தேவராஜ் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தபடியே நின்றார்.

"ஹவ் சார், ஆயுத பூஜைக்கு நான்தான் வெச்சேன். எல்லாரும் வெளியில வெப்பாங்க. வண்டிக்கு உயிரே இதுதானேன்னு நான் உள்ள வெச்சேன். உதிரக் கூடாதுன்னு நல்லெண்ணெயில கொழைச்சு…"

சூட்டில் அது இளகி இடுக்குக்குள் இறங்கியிருந்தது.

"அப்ப சீனு கால… நான்தானா?"

ஷட்டர் பக்கம் மேனேஜரின் குரல் கேட்டது. துணியை எடுத்தேன். ஒரு துடை துடைத்துவிட்டு, கான்டாக்டர் தேய்ந்துபோயிருந்தது என்று சொன்னால் தீர்ந்தது. எந்தச் சாமி வந்து கேட்கப்போகிறது?

தேவராஜ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நக்கோ சார். அவரு பாக்கட்டும்."

மேனேஜர் வந்து குனிந்தார். அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தேவராஜ் மூடியை இன்னும் தூக்கிப் பிடித்தார். மஞ்சளாய் ஒட்டியிருந்த இடத்தை இன்னொரு கை விரலால் தொட்டுக் காட்டி, "இது நான் வெச்ச சந்தனம் சார்" என்றார்.