செப்டம்பரில் உரித்த பட்டை

மூன்று நாள் விடாத மழை நான்காம் நாள் காலையில்தான் நின்றது. காடு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. ராய்யா காளான் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பதினோரு மணிக்கு வந்துடுவோம். காப்பி கொதிச்சுக்கிட்டு இருக்கணும். விறகுக் கொட்டகைப் பக்கம் மட்டும் போயிடாதே, எனக்குத் தெரிஞ்சிடும்."

"அவ எதுக்குக்கா கொட்டகைக்குப் போறா?" என்றான் இல்போ. "மெர்வி தனியா லாப்லாந்து சுத்தினவ. காட்டுல கிடக்கிற சுள்ளியை வச்சே காப்பி போட்டுடுவா. நீ பாரேன்."

"பாக்கத்தானே போறேன்" என்றார் ராய்யா.

இருவரும் ரப்பர் பூட்ஸ் சதக் சதக் என்று சத்தமிட மரங்களுக்குள் மறைந்தார்கள். ஏரிக்கரைப் பாறைமேல் நானும், கரி படியாத புத்தம்புதுச் சுள்ளி அடுப்பும், காப்பிக் கெட்டிலும் மிஞ்சினோம்.

ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. பதினோரு வருடத்துக்கு முன்பு, முதல் கணவனோடு. நெருப்பு மூட்டியது முழுக்க அவன்தான். நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்து குதிகால் கொப்புளத்துக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் போன குளிர்காலத்தில் துணை தேடும் இணையதளத்தில் என்னைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னபோது, 'தனியாகக் காட்டில் நடப்பேன், நெருப்பில் சமைப்பேன்' என்று எழுதிவிட்டேன். நாற்பத்தாறு வயதுப் பல் மருத்துவமனை வரவேற்பாளரை வேறு எதற்காகத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. இல்போ திரும்பிப் பார்த்தது அந்த வரியைத்தான். அவனே சொன்னான்.

அடுப்பு வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் அடுக்குமாடியின் வண்டி நிறுத்தத்துக்குப் பின்னால், கடையில் கட்டாக வாங்கிய உலர்ந்த குச்சிகளை வைத்து மூன்று முறை பழகிப் பார்த்தேன். மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வீட்டுல கரண்ட் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

இந்தக் காப்பி சாதாரணக் காப்பியாக இருந்திருந்தால் பரவாயில்லை. இந்தப் பண்ணை வீடு இல்போவுக்கும் அவன் அக்கா ராய்யாவுக்கும் பொது. வசந்தத்தில் நான் இங்கே வந்து அவனோடு இருந்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. என் ஆசையும் அதுதான். அக்கா சரி என்று சொல்ல வேண்டும். "அவளுக்கு உன்னைப் பிடிச்சுடும்" என்று வரும் வழியெல்லாம் சொன்னான். "ஆனா பொறுமையாத்தான் முடிவு பண்ணுவா. முதல்ல உன் கையைப் பாப்பா, அப்புறம்தான் மூஞ்சியைப் பாப்பா."

அந்தக் கை ஒன்பதரை மணியிலிருந்து ஈரச் சுள்ளிகளோடு மல்லாடியது. அடுப்பு ஒரு பால் டின் அளவுதான். அதற்குள் எதைப் போட்டாலும் முதலில் நீராவி வந்தது, அப்புறம் புகை வந்தது, நெருப்பு மட்டும் வரவில்லை. ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர் வந்தது. தீப்பெட்டியில் பாதி காலி. மணி பத்தேகால்.

எழுந்து சவுனா நீராவிக் குளியலறைக்குப் பின்னால் போனேன். அங்கே அடிபம்பு, அதன் பக்கத்தில் தனியாக ஒரு பிர்ச் மரம். பட்டை தும்பைப்பூ வெள்ளை. பிர்ச் பட்டை நனைந்தாலும் பற்றிக்கொள்ளும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உயிருள்ள மரத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் அது தெரியும். உரித்த இடம் கறுத்துப்போய், மரம் விழும்வரை கறுப்பாகவே நிற்கும். தெரிந்துதான் கத்தியை வைத்தேன்.

எளிதில் உரிந்து வரும் என்று நினைத்தது தவறு. பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியை ஆழமாகச் செருகி நெம்பினேன். பிய்த்து, கிழித்து, இரண்டு கை அகலத்துக்கு எடுத்தபோது உள்ளே பழுப்பும் பச்சையுமாகச் சதை போலத் தெரிந்தது. அப்போது சரளைக் கல்லில் காலடிச் சத்தம். திரும்பினேன். இரண்டு பிளாஸ்டிக் கேன்களோடு நுவன் நின்றுகொண்டிருந்தாள்.

தாய்லாந்திலிருந்து கோடைதோறும் காட்டில் பெர்ரிப் பழம் பறிக்க வருகிற ஐந்து பேரில் ஒருத்தி அவள். ராய்யாவின் நிலத்தில் சாலையோரம் வேனை நிறுத்திக்கொள்ளவும் இந்தப் பம்பில் தண்ணீர் பிடிக்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. எட்டு வருடமாக வருகிறார்களாம். முந்தின நாள் மாலை இல்போதான் அறிமுகப்படுத்தி வைத்தான். நான் கத்தியையும் பட்டையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் பம்பை அடிக்க ஆரம்பித்தாள். அவள் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேகமாகப் பாறைக்குத் திரும்பினேன்.

பட்டை ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. எண்ணெய்த் திரி எரிவது போல மஞ்சளாக எரிந்து, ஈரச் சுள்ளிகளையும் இழுத்துக்கொண்டது. பத்தேமுக்காலுக்குத் தண்ணீர் கொதித்தது. தூளைப் போட்டுக் கெட்டிலை இறக்கி வைத்தபோது அவர்கள் காளான் கூடையோடு வந்துவிட்டார்கள்.

ராய்யா முதல் வாய் குடித்துவிட்டு ஏரியைப் பார்த்தார். இரண்டாவது வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஈரத்துல எதுல பத்த வச்சே?"

"கரைப்பக்கம் ஒரு பிர்ச் விழுந்து கிடந்துச்சு. அதோட பட்டைல."

"ம்." கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

இல்போ என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். அக்கா யாரிடமும் இரண்டாவது கோப்பை கேட்டதில்லை என்று அவன் பிறகு சொன்னான். அந்த நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காளான் கழுவப் பம்புக்குப் போன ராய்யா, "இல்போ!" என்று கத்தினார். ஓடினோம். மரத்தின் முன்னால் நின்று, காயத்தின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"யாரு பாத்த வேலைடா இது?"

"நேத்து சாயங்காலம் இல்லையே" என்றான் இல்போ.

"ஜூன்ல உரிச்சா சட்டை மாதிரி கழண்டு வரும். செப்டம்பர்ல எவனாவது பிர்ச் உரிப்பானா? கத்தியால நோண்டிக் கொதறியிருக்கான் பாரு. இந்த ஊர்ல நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். இது வெளியூர் ஆளு பண்ண வேலை."

என் வாய் திறந்தது. "ஒருவேளை..." என்றேன். இருவரும் திரும்பினார்கள். "ஒருவேளை காட்டு மான் ஏதாவது..."

"எந்த மான் கத்தி வச்சிருக்கு?" என்றார் ராய்யா.

இல்போ சிரித்துவிட்டு என் தோளில் கை போட்டான். ராய்யா சிரிக்கவில்லை. மரங்களுக்கு நடுவே தெரிந்த வெள்ளை வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். இருபது தப்படி தூரம் இருக்கும். அந்த இருபது தப்படிக்குள் இருபது முறை சொல்லியிருக்கலாம்.

வேனுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் அடுப்பில் சோறு வைத்திருந்தார்கள். அன்றைய பறிப்புக்குக் கிளம்பும் முன் சாப்பாடு. நுவன் கரண்டியோடு எழுந்து நின்றாள்.

"என் மரத்தை யாரு வெட்டினது?" என்றார் ராய்யா.

"மரமா?"

"பம்பு பக்கத்துல இருக்கே, அதான். காலைல தண்ணி பிடிக்க வந்தது யாரு?"

"நான்." நுவன் ஃபின்னிஷ் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்து வைத்தாள். "தண்ணி மட்டும். மரம் நான் தொடலை."

"எட்டு வருஷமா விட்டு வச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொட்டகைல மூட்டை மூட்டையா பட்டை இருக்கு, குடுத்திருப்பேன். வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இனிமே இங்க தண்ணியும் கிடையாது, இடமும் கிடையாது."

நுவன் அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்கிறேனா என்று பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது, அவள் காலையில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் என் பூட்ஸ் நுனியைப் பார்த்தேன்.

அவள் மற்றவர்களிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். யாரும் வாதம் பண்ணவில்லை. வேகாத சோற்றுப் பானையை மூடி, துண்டால் சுற்றி, ஒரு பெரியவர் மடியில் வைத்துக்கொண்டார். தார்ப்பாய் அவிழ்ந்தது. பத்தே நிமிடத்தில் வேன் சாலையில் திரும்பி மறைந்தது.

ராய்யா முன்னால் வீட்டுக்கு நடந்தார். இல்போ என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தான்.

"அக்காவுக்கு மனசு சரியில்லை. இல்லேன்னா இன்னிக்கே பேசியிருப்பேன்" என்றான். "ஆனா அவ சரின்னுதான் சொல்லுவா, மெர்வி. நீ கவலைப்படாதே. உன்னைப் பத்தி அவ காட்டுல என்ன சொன்னா தெரியுமா? 'பாசாங்கு இல்லாத பொம்பளையாத் தெரியுது'ன்னா."

நான் நின்றுவிட்டேன்.

"நான்தான் இல்போ."

"என்ன நீதான்?"

"மரம். பட்டை. நான்தான் உரிச்சேன். கரைல எதுவும் விழுந்து கிடக்கலை."

அவன் கையை உதறவில்லை. ஆனால் கை கனமாகிவிட்டது. பிறகு மெதுவாக விலக்கிக்கொண்டான்.

"வேன் கிட்ட நின்னியே" என்றான்.

"ஆமா."

"அந்தச் சோத்தைத் தூக்கிட்டுப் போனதைப் பாத்தியே."

"ஆமா."

வேறு எதுவும் கேட்காமல் வீட்டுக்குள் போனான். நானும் பின்னால் போனேன். ராய்யா சமையலறையில் காளானை நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. கத்தி நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"கார் சாவி எங்கடா?" என்றார் தம்பியிடம்.

பக்கத்து ஊர்ப் படகுத்துறையில் வேன் நின்றது. காற்று பலமாக வீசியது. அடுப்பைச் சுற்றி அட்டைப்பெட்டிகளை மறைப்பாக வைத்து, அதே சோற்றை மறுபடி வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் ஆறிய சோறு இனிக் குழைந்துதான் போகும். எங்களைப் பார்த்ததும் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். அந்த எழுந்து நிற்றல் எனக்குத் தாங்கவில்லை.

"மரத்தை வெட்டினது நான்தான்" என்றேன். "உங்க மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன். மன்னிச்சிடுங்க."

நுவன் தலையை ஆட்டினாள். "தெரியும். பார்த்தேன்."

ராய்யாவின் முகம் மாறியது. "பாத்தியா? அப்போ என்கிட்ட ஏன் சொல்லலை?"

நுவன் யோசித்தாள். வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தேன். தேடவில்லை. சொல்லலாமா என்றுதான் யோசித்தாள்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

ராய்யா, அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். என் பொய் என்னோடு நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது. அவரையும் அல்லவா இழுத்து வந்து நிறுத்திவிட்டது.

"திரும்பி வாங்க" என்றார் கடைசியில். "தண்ணி, இடம், எல்லாம் முன்ன மாதிரியே."

நுவன் மற்றவர்களிடம் பேசினாள். நீண்ட பேச்சு. மடியில் பானை வைத்திருந்த பெரியவர் இரண்டு முறை தலையை அசைத்தார், இல்லை என்று.

"இன்னும் ஒன்பது நாள்தான்" என்றாள் நுவன். "இங்கேயே இருந்துக்கறோம். நன்றி." மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு குனிந்து சோற்றைக் கிளறினாள்.

திரும்பும் வழியில் மறுபடி தூறல் போட்டது. இல்போ ஓட்டினான், நான் பக்கத்தில், ராய்யா பின்னால். ஒரு திருப்பத்தில் ராய்யா சொன்னார்: "காப்பி நல்லாத்தான் இருந்துச்சு. அதான் எனக்கு எரிச்சலா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த திருப்பத்தில் இல்போ காரை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தான். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"மெர்வி, இது ஒண்ணுதானா? இல்லை, வேற ஏதாவது இருக்கா?"

கண்ணாடித் துடைப்பான் பாதியில் நின்றிருந்தது.

"நான் வேணா இறங்கி நடக்கட்டுமா?" என்றார் ராய்யா, கதவுப் பிடியில் கை வைத்தபடி.

"வேண்டாம், இருங்க" என்றேன். "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லணும்."

முதல் கணவன் மூட்டிய நெருப்பிலிருந்து ஆரம்பித்தேன். இணையத்தில் எழுதிய வரியைச் சொன்னேன். வண்டி நிறுத்தத்தையும், கரண்ட் இல்லையா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரையும் சொன்னேன். இல்போ சாலையைப் பார்த்தபடியே இருந்தான். எந்த இடத்திலும் என்னை நிறுத்தவில்லை. நானும் எதையும் விடவில்லை.